மாயக்காளின் குரல்ரேகை

அணைக்காதீர்கள் தம்பி. உங்கள் அலாரத்தைத்தான் சொல்கிறேன். இன்னும் கொஞ்சம் பாடட்டும். மதுரைக்கு இன்னும் தூரம் இருக்கிறது, மானாமதுரையையே பஸ் இப்போதுதான் தாண்டியது.

எந்திரிய்யா எந்திரி, எந்திரிய்யா எந்திரி. அடியில் டம் டம் என்று அடிக்கிறான் பாருங்கள், அதைத் தள்ளிவிடுங்கள். மேலே ஒரு பொம்பளைக் குரல் கூப்பிடுகிறதே, அது யார் குரல் தெரியுமா? தெரியாது. தினமும் யார் கூப்பிட்டு எந்திரிக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. கோபப்படாதீர்கள். நான் நலம் விசாரித்தாலே சண்டை போடுகிற மாதிரித்தான் இருக்கும். மாட்டுச் சந்தையில் வளர்ந்த தொண்டை.

அது ஒப்பாரி தம்பி. செத்துக் கிடக்கிற ஒரு மனுஷனைப் பார்த்து எந்திரிக்கச் சொல்கிற பாட்டு. அவன் எந்திரிக்கவில்லை. டிராக்டர் கவிழ்ந்து செத்தவன் எப்படி எந்திரிப்பான்? நீங்கள்தான் எந்திரிக்கிறீர்கள்.

ஏன் முகம் இப்படிப் போகிறது? ஒன்றும் ஆகாது. எங்கள் ஊரில் ஜிம்முக்குப் போகிற பயல்கள் எல்லாம் அதைப் போட்டுக்கொண்டுதான் இரும்பு தூக்குகிறார்கள். கல்யாண வீட்டில் ஆடுகிறார்கள். ஒருத்தனும் சாகவில்லை.

என் பேர் சோணைமுத்து. பரமக்குடிப் பக்கம் வந்து 'சோணை சவுண்ட் சர்வீஸ்' என்று கேளுங்கள், நாயும் வழிகாட்டும். பந்தல், சேர், மைக்செட், ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டி என்றால் சாவு வீட்டில் பிணத்தை வைக்கிற கண்ணாடிப் பெட்டி. எங்கள் பக்கத்துக்கு முதல் பெட்டி கொண்டுவந்தவன் நான். அதற்கு முன்னால் சந்தையில் மாட்டுத் தரகு. அதற்கும் முன்னால் அதே சந்தையில் சாணி அள்ளினேன். பள்ளிக்கூடம் எந்தத் திசையில் இருந்தது என்று கேட்டால் சொல்வேன், உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. அடி வாங்கி, ஏமாந்து, ஏமாந்ததை முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகி, அப்படியே மேலே வந்தவன். வாடகை பேசும்போது சாவு வீடு என்றும் பார்க்க மாட்டேன். ஏன் பார்க்க வேண்டும்? பெட்டிக்குக் கரண்டு பில்லைப் பிணமா கட்டும்?

அழுவதற்கும் ஆள் நான்தான் ஏற்பாடு செய்வேன். மாயக்காள் என்று ஒருத்தி. மாயக்கா, மாயக்கா என்போம். அவள் பெட்டி ஓரமாக உட்கார்ந்து வாயைத் திறந்தால், அதுவரைக்கும் வரப்புத் தகராறில் விறைத்துக்கொண்டு நின்ற பங்காளிகள் கட்டிப் பிடித்து அழுவார்கள். செத்தவனை அவளுக்குத் தெரிந்திருக்கவே வேண்டாம். பேர் என்ன, என்ன தொழில், பிள்ளைகள் யார், எதில் அல்லல்பட்டான் என்று ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் காதில் போட்டால் போதும். ஆள் எழுந்து வந்து முன்னால் உட்கார்ந்த மாதிரி பாடிவிடுவாள். ஒருத்தருக்குப் பாடியது இன்னொருத்தருக்கு வராது. ஒவ்வொரு பிணத்துக்கும் புதுசு.

போன தை மாசம் முதுகுளத்தூரில் ஒரு கல்யாணம். என் மைக்செட். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒரு செல்போனைக் கொண்டுவந்து 'இதுல சொருகுங்கண்ணே' என்றார்கள். சொருகினேன். டம் டம் என்று ஆரம்பித்தது. ஆடினார்கள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எந்திரிய்யா எந்திரி என்று வந்தது. டீ அப்படியே நின்றுவிட்டது தம்பி. அந்த டிராக்டர்காரன் சாவில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவன் நான். அந்த 'எந்திரி'யில் கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து மூச்சை உள்ளே வாங்குவாள், அது மாயக்காளைத் தவிர ஒருத்திக்கும் வராது.

போய் வயரைப் பிடுங்கினேன்.

"யோவ், என்னய்யா, கரண்டு போச்சா?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓடி வந்தார்.

"கரண்டு போகல. களவு போயிருக்கு" என்றேன்.

"என்னய்யா களவு?"

"கொரலு."

அவர் என் வாயை மோந்து பார்த்தார். நான் கையிலிருந்த டம்ளரை வீசினேன். அவர் மேல் படவில்லை, வீடியோக்காரன் மேல்தான் பட்டது. அப்படி ஒரு கோபம். ஒரு ஏழைப் பொம்பளையின் குரலை எவனோ எடுத்து, அடியில் மேளத்தை ஒட்டி, ஊர் ஊராக விற்றுச் சம்பாதிக்கிறான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அது எப்படி வெளியே போனது என்று கேட்கிறீர்களா? அது ஒரு சாதாரண விஷயம். அந்தச் சாவில் என் மைக்செட்டில் பதிவு ஓடியிருந்தது. மதுரையில் ஒரு ஸ்டுடியோக்காரன், 'கிராமத்துச் சத்தம் ஏதாச்சும் இருக்காண்ணே' என்று கேட்டான். பென்டிரைவைக் கொடுத்தேன். பதிலுக்கு ஆளுயர சவுண்டு பாக்ஸ் இரண்டு கொடுத்தான். ஒன்றுதான் தருவேன் என்று நின்றான், நான் இரண்டாக வாங்கினேன். அது கொடுக்கல் வாங்கல். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதை அவன் சென்னையில் ஒரு கம்பெனிக்குத் தள்ளிவிட்டான் பாருங்கள், அது திருட்டு. எனக்கு ஒரு வார்த்தை சொன்னானா?

மாயக்காளிடம் நான் கேட்டேனா என்றா? அவளிடம் கேட்க என்ன இருக்கிறது? பென்டிரைவ் என்னுடையது.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நான் குதித்த குதியில் கோழி எல்லாம் பறந்தது. அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"தெரியும் மொதலாளி" என்றாள். "சத்திரக்குடியில ஒரு எழவு வீட்டுல, 'செல்லுல வர்ற பாட்டு மாதிரியே பாடுறியேத்தா, நல்லாத்தான் காப்பி அடிக்கிற'ன்னு ஒரு பெய சொன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? இன்னும் கொஞ்சம் பழகுனா சரியா வந்துரும்யான்னேன்."

சிரிப்பாகத்தான் சொன்னாள். அப்புறம் ஒரு கொட்டையை நகத்தால் நெம்பிக்கொண்டே, "என் கொரலு என்னுதுன்னு எங்கயாச்சும் எழுதி வச்சா நல்லாருக்கும். இல்லாட்டி நான் செத்த பெறகு, நான் அந்தச் செல்லுல பாடுறவளப் பாத்துப் பாடுனேன்னுதான் பேசுவாக" என்றாள்.

சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தது. ரொம்ப மரியாதை. "அது நாட்டுப்புறப் பாடல் சார். பாடினவர் பெயர் தெரியலைன்னு பதிவு பண்ணியிருக்கோம். ஆடி முடியறதுக்குள்ள யாரும் ஆதாரத்தோட வரலைன்னா அதுவே நிரந்தரமாகிடும்" என்றது. நான் வந்திருக்கிறேன் என்றேன். "நீங்க பாடினீங்களா சார்?" என்று கேட்டது. திட்டினேன். வைத்துவிட்டது.

அப்போதுதான் ஒரு நாதஸ்வரக்காரர் சொன்னார், பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் சேர்ந்து கூட்டுறவு மாதிரி ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள், கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் நடத்துகிறார்கள், 'கூட்டுக்குரல்' என்று பேர் என்று. கூப்பிட்டேன். ஜெனிட்டா என்று ஒரு பெண், தூத்துக்குடிப் பிள்ளை, முதுகில் ஒரு பையோடு பஸ் பிடித்து வந்து இறங்கியது.

அது விளக்கியதை அப்படியே சொல்கிறேன். ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி குரலுக்கும் ரேகை உண்டு. பாடுகிற ஆள் தன் குரலை ஒரு தடவை செல்போனில் தனியாகப் பாடிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் குரல் எந்தப் பாட்டில் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் மிஷின் கண்டுபிடித்துவிடும். இது இன்னாருடைய குரல் என்று பேர் விழும். யாராவது அந்தப் பாட்டைப் போட்டால் அதற்கான பங்கு நேரே பாடினவருக்குப் போய்விடும். கூடச் சேர்ந்து உழைத்தவர் யார் என்று பாடினவரே தன் வாயால் சொன்னால் அவருக்கும் ஒரு பங்கு.

"நடுவுல யாருமே நிக்க முடியாது அண்ணாச்சி" என்றது அந்தப் பிள்ளை.

எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. "இதத்தாம்மா நான் காலம் பூராச் சொல்லிட்டு இருக்கேன். இந்த நாட்டக் கெடுக்குறதே நடுவுல நிக்கிற பெயதான்" என்றேன். மாயக்கா என்னைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று தெரியவில்லை.

மாயக்காளைப் பாடச் சொன்னது. நலங்குப் பாட்டு ஒன்று பாடினாள். நன்றாகத்தான் இருந்தது. மிஷின், 'இது அந்தக் குரல் இல்லை' என்றது. ஆடிப்போய்விட்டேன். தாலாட்டு பாடினாள். இல்லை. கும்மிப் பாட்டு. இல்லை என்றது. ஜெனிட்டா நகத்தைக் கடித்தது. அப்புறம்தான் புரிந்தது. ஒப்பாரிக்கு மாயக்கா எடுக்கிற தொண்டை வேறு. அடிவயிற்றிலிருந்து வருகிற, கரகரவென்று பாதி அழுகை, பாதி பாட்டு. அது வேறு ஆள் மாதிரிதான் இருக்கும்.

"அப்ப ஒப்பாரியே பாடுங்கம்மா" என்றது ஜெனிட்டா.

"எங்க?"

"இங்கதாம்மா."

மாயக்கா எழுந்துவிட்டாள். "என்ன பேச்சு தாயி பேசுற? வெளக்கெரியுற வீட்டுல உக்காந்து ஒப்பாரி வைக்கவா? யாரக் காவு குடுக்கச் சொல்ற?"

நானும் சத்தம் போட்டுப் பார்த்தேன். மசியவில்லை. பிணம் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டாள். நியாயம்தான். எந்த ஊரிலும் சும்மா கிடந்த வீட்டில் ஒப்பாரி வைத்தால் விளக்குமாறுதான் வரும்.

ஆக, ஒரு சாவு வேண்டும்.

அது என் தொழில். எங்கே யார் இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்பது எனக்குத் தெரிகிற மாதிரி டாக்டருக்குக்கூடத் தெரியாது. அந்தப் பிள்ளை பரமக்குடியில் ரூம் எடுத்துத் தங்கியது. ஒவ்வொரு நாளும் காலையில், 'அண்ணாச்சி, ஏதாவது நல்ல சேதி உண்டா?' என்று கேட்கும். அப்புறம் அதுவே நாக்கைக் கடித்துக்கொள்ளும்.

முதலில் ஒரு ரைஸ்மில்காரர் போனார். மாயக்கா பிரமாதமாகப் பாடினாள். ஆனால் வாசலில் தப்பு மேளம் அடிக்கிறார்கள், தெருவில் வேட்டு, இரண்டு மருமகள்கள் யார் அதிகமாக அழுவது என்று போட்டி. ஜெனிட்டா அந்தக் கூட்டத்தில் செல்போனை மாயக்காளின் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றது. மைத்துனர் ஒருத்தர் வந்து, 'எந்தச் சேனல்மா? என்னைக்குப் போடுவீக?' என்று கேட்டுவிட்டுத் தலையை வாரிக்கொண்டு வந்து அழுதார். மிஷின், 'ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள்' என்று தள்ளிவிட்டது.

அடுத்தது அமைதியான வீடு. ரிட்டயர்டு தாசில்தார். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. தப்பு இல்லை, வேட்டு இல்லை, அழுகிறவர்கள்கூடக் கைக்குட்டையில்தான் அழுகிறார்கள். இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? மாயக்காளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறோம். பெட்டிக்குத் தலைமாட்டில் கையகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. அதிலிருந்து ஒப்பாரி வருகிறது. மேளம் ஒட்டாதது, அசல். மாயக்காளின் குரலேதான்.

மூத்த மகன் வந்து மெதுவாகச் சொன்னார், "ஆள் வேண்டாங்க. நெட்லயே நல்லதா ஒண்ணு கிடைச்சது. யாரோ பழைய காலத்துப் பாட்டியாம். ரொம்ப உருக்கமா இருக்கு."

மாயக்கா வாசற்படி ஓரமாக நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். யாருக்கோ அழுத அழுகை அது. இங்கே வேறு யாருக்கோ ஓடுகிறது. "அந்த எடத்துல எனக்கு இருமல் வந்துச்சு. வெட்டிட்டாக" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். நான் அந்த மகனை இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன். என் ஐஸ் பெட்டி வாடகையும் அதோடு போயிற்று.

ஆடி பிறந்துவிட்டது. ஊரில் ஒருத்தரும் சாகவில்லை. அந்த மாதிரி ஒரு ஆரோக்கியத்தை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததே கிடையாது. இழுத்துக்கொண்டு கிடந்தவர்கள்கூட எழுந்து கஞ்சி கேட்டார்கள்.

ஜெனிட்டா, ஒரு தலையணையைப் படுக்கவைத்துப் பாடலாமா என்று கேட்டது.

"தலகாணிக்கு என்ன கொறன்னு அழுவேன்?" என்றாள் மாயக்கா.

செத்துப்போன யாருடைய படத்தையாவது வைத்தால்? "அழுது முடிச்சு அனுப்பி வச்சவுகள மறுபடி கூப்புடக் கூடாது தாயி. வந்துருவாக."

எனக்குப் பொறுக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் குடோனைத் திறந்தேன். உள்ளே சாமியானாத் துணி கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கும், வெளியே லாரி போனாலும் சத்தம் வராது. மதியம் மூன்று மணி. நடுவில் ஒரு ஐஸ் பெட்டியை இழுத்துப் போட்டேன். ஸ்விட்ச் போடவில்லை. மூடியைத் தூக்கினேன். ஏறிப் படுத்துவிட்டேன்.

"பாடு மாயக்கா. என்னய வச்சுப் பாடு. எனக்கு ஒரு பயமும் இல்ல" என்றேன்.

ஜெனிட்டாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "அண்ணாச்சி, வேண்டாம் அண்ணாச்சி" என்றது. மாயக்கா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாம் சந்தையில் மாடு பிடிக்கும்போது பார்ப்போமே, அந்த மாதிரி. அப்புறம் தன் முந்தானை ஓரத்தில் நூலை உருவி என் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். நெற்றியில் ஒரு காசை வைத்தாள்.

"கண்ண மூடுங்க. இருமக் கூடாது. கோவம் வந்தாலும் எந்திரிக்கக் கூடாது."

"எனக்கு எதுக்குக் கோவம் வருது?"

"பொணம் பேசாது மொதலாளி."

மூடினேன். அப்புறம் அந்தக் குரல் வந்தது. எத்தனையோ வருஷம் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். படுத்துக்கொண்டு கேட்டதில்லை. அது வேறு மாதிரி இருக்கிறது தம்பி.

பொட்டி வாடக பேசுமுன்னே
பொழுதடஞ்சு போச்சே ராசா
கட்டி அழ ஆளில்லாம
கண்ணாடிக்குள்ள படுத்தீகளே

வாயில தீய வச்சு
வாசலெல்லாம் சுட்ட ராசா
பெத்த மகன் பேச்சறுந்து
பெங்களூரு போனானே

அண்ணன் வீடு போன மக
ஆருசொல்லித் திரும்புவாளோ
சொன்ன சொல்லு தச்ச எடம்
சொகமாக நாளாகுமே

எங்கொரல எடுத்துக் குடுத்து
ஏழடிப் பொட்டி வாங்குனீக
அந்தப் பொட்டி பாடுதய்யா
அதுக்காச்சும் ஒங்களத் தெரியுமா

எந்திரிய்யா எந்திரி...

இப்படிப் போனது. மகன் விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். கோயில் திருவிழாவில் ஊர் பார்க்க ஒரு அறை விட்டேன், அதற்கு ஒருத்தன் ஆறு வருஷம் பேசாமல் இருப்பானா? என் வீட்டுக்காரியும் ஒரே ஒரு பேச்சுக்காக அவள் அண்ணன் வீட்டுக்குப் போனவள்தான். அவளுக்குக் காது கொஞ்சம் கூர்மை. அதெல்லாம் இருக்கட்டும். சவுண்டு பாக்ஸ் விஷயத்தை எவ்வளவு அழகாகக் கொண்டுவந்தாள் பார்த்தீர்களா? நானே அவளிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னதுதான். ஒரு பென்டிரைவுக்கு இரண்டு பாக்ஸ் வாங்கின சாமர்த்தியத்தை ஞாபகம் வைத்துப் பாட்டிலேயே வைத்துவிட்டாள். அந்த மரியாதை யார் செய்வார்கள்?

முடிந்தபோது என் காதுக்குள் தண்ணீர் போயிருந்தது. வேர்வை. பெட்டிக்கு ஸ்விட்ச் போடவில்லை அல்லவா, உள்ளே புழுக்கம். ஜெனிட்டா அந்தப் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சியது. தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்து வெயில் சேராது.

மிஷினில் பச்சையாக ஏதோ எரிந்தது. "ஒத்துப்போச்சு அண்ணாச்சி! நூத்துக்கு நூறு!" என்று அந்தப் பிள்ளை துள்ளியது. மாயக்கா என் கால் கட்டை அவிழ்த்தாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் ஜெனிட்டா மறுபடியும் செல்போனைப் பார்த்து முகம் சுருங்கியது.

"ஒரு சிக்கல். இந்தப் பதிவு எல்லாரும் கேக்குற மாதிரி வெளியில இருக்கணும். அப்பதான் கம்பெனி மறுக்க முடியாது. ஆனா இதுல உங்க பேரும் உங்க வீட்டு விஷயமும் இருக்கு. உயிரோட இருக்கவங்களப் பத்தின பாட்டுன்னா அவங்க சம்மதம் இல்லாம வெளிய விட மாட்டோம். அது எங்க சட்டம். நீங்க இதுல சரின்னு அழுத்தணும்."

"அழுத்தலேன்னா?"

"பதிவாகாது. பாட்டு 'பேர் தெரியாதவர்'னே நின்னுடும்."

பார்த்தீர்களா? நடுவில் யாருமே நிற்க முடியாது என்று கட்டின வீட்டில் எனக்கென்று ஒரு வாசல் இருக்கிறது! நான் செல்போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பெட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"பாதி" என்றேன்.

"என்ன அண்ணாச்சி பாதி?"

"மாயக்காளுக்கு வர்ற பங்குல பாதி. அலைஞ்சது நான். சண்ட போட்டது நான். பொட்டி என்னுது, குடோன் என்னுது. செத்துக் கெடந்ததும் நான்தான்."

ஜெனிட்டாவுக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளைக்கும் கோபம் வரும் என்று அன்றுதான் தெரியும். "நீங்கதான அண்ணாச்சி நடுவுல நிக்கிறவன்தான் நாட்டக் கெடுக்குறான்னு சொன்னீங்க?" என்றது. நான் நடுவில் நிற்கவில்லை, ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

மாயக்கா வாயிலிருந்த புகையிலையை ஒதுக்கினாள்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கவா? ஒங்களுக்கு யாரு அழுவா?"

"ஏன், ஆளா இல்ல? ஊருல பாதிப் பேருக்குப் பொட்டி குடுத்தது நான்."

"பொட்டி குடுத்தீக. சரி. யாரு அழுவா?"

நான் யோசித்தேன். யோசிக்கிற மாதிரி இருக்கக் கூடாது என்று பெட்டிக் கண்ணாடியைத் துடைத்தேன். சட்டென்று ஒரு பேரும் வரவில்லை தம்பி. வெயில் நேரம்.

"நான் வாரேன்" என்றாள். "ஒங்க சாவுக்கு நான் வந்து அழுகுறேன். பங்கு பாதி கேக்காதீக. எனக்குக் காசும் வேணாம், வெத்தலகூட ஏங்கிட்ட இருந்தே கொண்டாரேன்."

எனக்குச் சந்தை புத்தி விழித்துக்கொண்டது. இவ்வளவு சுலபமாக ஒருத்தர் இறங்கி வந்தால் இன்னும் இறக்கலாம் என்று அர்த்தம்.

"மழ பேஞ்சா?"

"கொட, இல்லாட்டி சாக்கு. வருவேன்."

"எவ்வளவு நேரம்?"

"தூக்குற வரைக்கும்."

"இதே பாட்டா? இது வேணாம். நல்லதா நாலு வரி இருக்கணும்."

"அதுக்கு விசயம் வேணும்ல மொதலாளி. இப்பக் கைவசம் இல்ல. சேத்து வையுங்க, பாடுறேன்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சரக்கு இல்லாமல் எப்படி? கையைக் கொடுத்தாள். அடித்தேன். சரி என்பதை அழுத்தினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மலிவாக நான் எதையும் முடித்தது கிடையாது என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன்.

அப்புறம்தான் ஜெனிட்டா அவளுடைய ஆதார் கார்டை வாங்கிப் பிறந்த வருஷத்தைச் சத்தமாகப் படித்தது. மாயக்காளுக்கு எழுபத்தொன்று. எனக்கு ஐம்பத்தெட்டு.

பல்லைப் பார்க்காமல் நான் மாடு பிடித்தது அன்று ஒரு நாள்தான்.

ஆடி கடைசியில் அந்தப் பாட்டில் பேர் ஏறிவிட்டது. உங்கள் செல்போனிலேயே பாருங்கள். பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். 'குரல்: மாயக்காள்.' இருக்கிறதா? எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்கள் சொன்னால் சரி. இப்போது நீங்கள் எந்திரிக்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பங்கு போகிறது. எழவு வீடுகளிலும் 'அந்தப் பாட்டு அம்மாவா?' என்று வண்டி வைத்துக் கூப்பிடுகிறார்கள். என் மூலமாக இல்லை, நேராகவே கூப்பிடுகிறார்கள். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். நான் படுத்துக் கிடந்த பாட்டும் வெளியே நன்றாக ஓடுகிறது. அதைக் கேட்டுவிட்டுப் பெங்களூரிலிருந்து ஒரு போன் வந்தது. 'உயிரோடதான இருக்கீங்க?' என்றான். 'ஆமா' என்றேன். வைத்துவிட்டான். ஆறு வருஷத்துக்கு அது போதும்.

ஆனால் என் கவலை வேறு தம்பி. அவள் முந்திக்கொண்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்? அதனால் அவளை மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கிறேன். இது மூன்றாவது தடவை. பஸ் செலவு என்னுடையது, டாக்டர் செலவுக்கும் அவளைக் காசு எடுக்கவிடுவதில்லை. புகையிலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இவள் நிறுத்துகிற ஆளா? முன்னால் பாருங்கள், டிரைவருக்குப் பின்சீட்டு, ஜன்னல் ஓரம், பச்சைச் சேலை. கன்னம் உப்பியிருக்கிறது பாருங்கள். வாயில் வைத்திருக்கிறாள். நான் பேச்சு சுவாரஸ்யத்தில் விட்டுவிட்டேன்.

இதில் இன்னொரு கூத்து. போன தடவை சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று எனக்கும் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார் டாக்டர். அவளுக்கு ஒன்றும் இல்லையாம், இன்னும் இருபது வருஷம் ஓடுமாம். எனக்குத்தான் பிரஷர் எகிறிக் கிடக்கிறதாம். வேளை தவறாமல் மாத்திரை போடாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் ஆள் போய்விடுவீர்கள் என்றார். நான் சந்தோஷமாகிவிட்டேன். கணக்கு நேராகிவிட்டதே! மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஒழுங்காகப் போட்டால் அவள் முந்திவிடுகிற ஆபத்து இருக்கிறது.

அவள் அந்தப் பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது திரும்புகிறாள் பாருங்கள். கத்துகிறாள். பஸ் முழுக்கக் கேட்கிறது. தொண்டை அப்படி.

"மொதலாளி! பேசுனது போதும். மாத்தர போடுங்க! நாலு வரியில இப்பத்தான் ஒரு வரி தேறிருக்கு, அதுக்குள்ள போயிச் சேந்துறாதீக!"

என்ன வரி தேறியது என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். ஆளுக்கு ஆள் கைமாற்றி மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் வருகிறது பாருங்கள். அதை வாங்கி இப்படிக் கொடுங்கள் தம்பி.